மெய்யப்பரும் ஒலிப்பதிவும்

இந்நாளில் அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்துள்ள உடையார்பாளையம் முற்காலத்தில் ஒரு ஜமீனின் தலைமை ஊராக விளங்கியது. அந்த ஜமீன் அவையில் கனம் கிருஷ்ணையர் என்னும் இசைப் புலவர் பெருமதிப்புடன் வீற்றிருந்தார். நாபியிலிருந்து குரலை எழுப்பிப் பேரொலியுடன் பாடும் கன மார்க்கத்தில் வல்லவராயிருந்தமையால் அவருக்கு அந்த அடைமொழி வாய்த்தது. அவரிடம் இசை பயின்றவர்களுள் ஒருவர் வேங்கடசுப்பையர். அவருடைய மைந்தரே மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். ஐயரவர்கள் தம் இளமையின் ஒரு பகுதியை அரியலூரிலும், பெரம்பலூரைச் சார்ந்த குன்னத்திலும் கழித்தவர்கள். தந்தையார் வாயிலாகக் கேட்டறிந்தவற்றைத் திரட்டி, கிருஷ்ணையருடைய வரலாற்றையும் பாடல்களையும் 1936-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்கள்.

பாடல்கள் நமக்குக் கிடைத்துவிட்டன. ஆனால், அவற்றைப் பாடிய குரல் எங்கே? மாளிகைத் தூண்களை அதிரச் செய்த அந்தக் கனக்குரல் எத்தகையது என்பதை இன்று எவரும் கூற இயலாது. ஏட்டில் எழுத்து நிற்கும்; ஒலி நில்லாது. கிருஷ்ணையர் காலத்துப் பாடகர் அனைவருக்கும் இதுவே கதியாயிற்று. அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே, 1877-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசன் பேசும் பொறியை அமைத்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் எமில் பெர்லினர் என்பார் தட்டையான இசைத்தட்டைக் கண்டறிந்தார். 1902-ஆம் ஆண்டில் பிரெடரிக் கைஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து, நம் நாட்டுப் பாடகர்களின் குரலை முதன்முதலாகத் தட்டில் பதித்துச் சென்றார். இதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின் காரைக்குடியில் பிறந்த ஒரு குழந்தை, வளர்ந்து ஆளாகித் தமிழ்நாட்டின் ஒலிப்பதிவுத் தொழிலையே மாற்றியமைத்தது. அவரே ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் ஆவார்.

செட்டியார் 1907-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28-ஆம் நாள் நகரத்தார் குலத்தில் தோன்றினார். தந்தையார் ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் ஏ. வி. அண்டு சன்ஸ் என்னும் கடையை நடத்தி வந்தார். அங்கே பல சரக்குகளுக்கிடையே கிராமபோன் இசைத்தட்டுக்களும் விற்கப்பெற்றன. மெய்யப்பர் சிறுவயதிலேயே கடையில் அமர்ந்தார். தட்டு வாங்க வருவோர் முதலில் அதனைச் சுழலவிட்டுக் கேட்பர். பின்னரே விலை பேசுவர். எந்தப் பாடலுக்கு அவர்கள் முகம் மலர்கின்றது, எதனைப் பாதியிலேயே நிறுத்தச் சொல்கின்றனர் என்பதைக் கடைக்காரர் நாள்தோறும் காணலாம். கல்லூரிகளில் கிட்டாத ஒரு கல்வி இது. பிறர் பதித்த தட்டை விற்பதினும் தாமே நல்ல பாடல்களைத் தேர்ந்து பதிப்பித்தால் என்ன என்னும் எண்ணம் அவருக்கு எழுந்தது. சென்னைக்குச் சென்றார், நண்பர் சிலருடன் கூடிச் சரசுவதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜெர்மனியில் தோன்றிய ஓடியன் இசைத்தட்டுக்கள் அதன் வாயிலாகத் தமிழ்நாடெங்கும் பரவின.

ஒலிப்பதிவு அக்காலத்தில் எவ்வாறு நடைபெற்றது என்பதை நாம் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். 1925-ஆம் ஆண்டுக்கு முன்னர் மின்சாரத்தின் துணையே இல்லை. சுவரிலிருந்து ஊமத்தம்பூப் போன்ற பெரிய குழல் ஒன்று நீண்டிருக்கும். பாடகர் அதன் வாயில் முகத்தை வைத்து உரத்துப் பாடவேண்டும். அவ்வொலி குழலின் மறுமுனையிலுள்ள மெல்லிய தகட்டை அசைக்க, தகட்டோடு பொருந்திய ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். ஒருவர் தனித்துப் பாடுவதாயின் இது எளிது. பலர் கூடி இசைப்பதாயின் இடர்ப்பாடு பெரிது. வீணையின் நாதம் குழலை எட்டாது. மிருதங்கத்தின் அடி சற்றே மிகுந்தாலும் ஊசி துள்ளிக் கோடு கெட்டுவிடும். ஆதலால், பாடகரைக் குழலின் அருகிலும், வயலினைச் சற்றுப் பின்னும், மிருதங்கத்தை இன்னும் தள்ளியும் அமர்த்துவர். பக்கவாத்தியக்காரர் தம் கச்சேரி வழக்கத்தை மறந்து, பதிவாளர் குறித்த இடத்தில் அசையாது இருக்கவேண்டும்.

1925-ஆம் ஆண்டின் பின் ஒலிவாங்கி வந்தது. அது மெல்லிய ஒலியையும் மின் அலையாக மாற்றிப் பெருக்க வல்லது. இனிப் பாடகர் தொண்டை வற்றக் கூவ வேண்டுவதில்லை. எனினும் இடம் அறிந்து அமர்த்தும் கலை அற்றுப்போகவில்லை. இன்னும் நுட்பமாயிற்று என்றே சொல்லவேண்டும். திறந்த வெளியில் ஒலி எழும் இடத்துக்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தொலைவு இருமடங்கானால், ஒலியின் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே தம்புராவை ஒரு முழம் முன்னே நகர்த்துவதும் தவிலை இரண்டு முழம் பின்னே கொண்டுபோவதும் சிறு செயல்களாகத் தோன்றினும், கேட்போர் செவியில் அவை பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். அறைக்குள் மற்றொரு தொல்லையும் உண்டு. மொட்டைச் சுவரில் பட்ட ஒலி திரும்பி வந்து முன்னைய ஒலியோடு கலந்து குழப்பும். அதனைத் தடுக்கச் சுவர்களுக்குத் தடித்த துணியும் நார்ப்பலகையும் போர்த்துவர். அவ்வாறு போர்த்துவது மிகுந்துவிட்டாலோ, இசை உயிரற்று வறண்டு ஒலிக்கும். குடமுருட்டியும் கொள்ளிடமும் போல ஒலிக்கும் அளவான கரை வேண்டும். ஒரே ஒலிவாங்கியின் முன் ஐந்தாறு பேரை அமர்த்தி, ஒவ்வொருவர் ஒலியும் தன் அளவில் நிற்கும்படி செய்வது, சமையலில் உப்பும் புளியும் காரமும் அளவறிந்து சேர்ப்பது போன்றது.

தட்டின் கால எல்லை இதனினும் கொடியது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். கச்சேரி மேடையில் ஓர் இராகத்தை அரைமணி நேரம் விரித்துப் பாடும் வித்துவான், அதனை மூன்று நிமிடத்துள் அடக்கவேண்டும். இடையில் பிழை நேர்ந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்த வழியில்லை. முதலிலிருந்தே மீண்டும் தொடங்கவேண்டும். வயலின் வாசிப்பவரின் விரல் தவறினும் பாடகரே மறுபடி பாடவேண்டும். பலர் ஒரே மூச்சில் பிழையின்றி இயங்கிய மூன்று நிமிடங்களே அப்பழைய தட்டுக்களில் உறைந்து கிடக்கின்றன. இன்று நாம் அவற்றைக் கேட்கும்போது கரகரவென்னும் ஓசையைக் குறைகூறுகின்றோம். அது நியாயமன்று.

இத்தகைய தட்டுக்கள் நகரங்களில் மட்டும் ஒலிக்கவில்லை. சென்னைச் சபைகளைக் கண்டறியாத பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துப் புன்செய்ச் சிற்றூர்களிலும், கிராமபோன் பெட்டி உள்ளவர் வீட்டுத் திண்ணையில் ஊரே கூடிற்று. பிற்காலத்தில் திருமணப் பந்தலிலும் கோயில் விழாவிலும் ஒலிபெருக்கி கட்டியபோது, அவ்வொலி வயல்வெளி தாண்டியும் கேட்டது. முழு நாடகங்களைப் பல தட்டுக்களில் பதித்து ஒரு கட்டாக விற்கும் வழக்கமும் இருந்தது. நாடகக் குழு வராத ஊரிலும் நாடகம் நடந்தது. கண்ணுக்குத் திரை, செவிக்கு மேடை.

தட்டு வணிகம் தழைத்துவரும்பொழுது திரைப்படம் பேசத் தொடங்கிற்று. 1931-ஆம் ஆண்டில் காளிதாஸ் என்னும் படம் வெளிவந்தது. பேசும் படம் வந்த பின் மக்கள் மனம் அதன் பக்கம் சாய்வதைச் செட்டியார் உணர்ந்தார். சென்னையில் படமெடுக்கும் வசதி அப்போது மிகக் குறைவு. ஆகையால் கல்கத்தாவுக்குச் சென்று அல்லி அர்ஜுனா என்னும் படத்தை எடுத்தார். 1935-ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படம் தோல்வியுற்றது. அடுத்து இரத்னாவளி என்னும் படத்தை எடுத்தார், அதுவும் கைகொடுக்கவில்லை. வாணிகத்தில் தேடிய பொருள் திரையில் கரைந்தது. வேறொருவராயின் காரைக்குடிக் கடைக்கே திரும்பியிருப்பர். செட்டியாரோ பெங்களூர்த் திரையரங்கு உரிமையாளர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து, பிரகதி பிக்சர்ஸ் என்னும் பெயரால் மூன்றாம் முறை முயன்றார். அம்முயற்சியில் தோன்றியதே 1938-ஆம் ஆண்டில் வெளிவந்த நந்தகுமார்.

அக்காலத் திரைப்படங்களில் நடிப்பவரே பாடவேண்டும். அதுவும் நடிக்கும்பொழுதே பாடவேண்டும். ஒலிவாங்கியை நடிகரின் தலைக்கு மேலே படத்தில் தெரியாதவாறு தொங்கவிடுவர். ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் திரைக்கு அப்பாலோ, புதரின் பின்னோ, மரக்கிளையின் மேலோ மறைந்திருந்து வாசிப்பர். நாயகன் நடந்துகொண்டே பாடினால் அவர்களும் ஒளிந்தவாறே உடன் நகரவேண்டும்! காதற்பாட்டின் நடுவே காகம் கரைந்தால் எடுத்த படச்சுருள் முழுதும் வீண். இம்முறையில் இசைக்குழு பெரிதாக அமைய வழியே இல்லை. மேலும், நன்றாகப் பாடவல்லவர் அனைவருக்கும் நடிப்பு வருவதில்லை. முகப்பொலிவுடன் நடிப்போர் அனைவருக்கும் குரல் வாய்ப்பதில்லை.

நந்தகுமார் படத்தில் இந்த இடர்ப்பாடு நேர்ந்தது. தேவகியாக நடித்த அம்மையாரின் நடிப்பு நன்றாக இருந்தது. பாட்டு அத்துணை நன்றாக அமையவில்லை. கடையில் அமர்ந்து மக்கள் செவியின் தீர்ப்பை நாள்தோறும் கண்ட செட்டியாருக்கு அக்குறையைப் பொறுக்க மனம் வரவில்லை. லலிதா வேங்கடராமன் என்னும் பாடகியைக் கொண்டு அப்பாடல்களைத் தனியே பாடுவித்து, தேவகியின் உதட்டசைவோடு பொருத்தினார். ஒருவர் உருவும் மற்றொருவர் குரலும் ஒன்றாயின. தமிழ்த் திரைப்படத்தில் பின்னணிப் பாட்டு வேரூன்றியது இவ்வாறே. டி. ஆர். மகாலிங்கம் என்னும் இளைஞர் முதன்முதல் திரையில் தோன்றியதும் இப்படத்திலேதான்.

பொருத்துதல் என்று ஒரு சொல்லில் கூறிவிட்டோம். செயலில் அது எளிதன்று. திரைப்படம் வினாடிக்கு 24 படங்கள் வீதம் ஓடுகின்றது. குரலுக்கும் உதட்டுக்கும் இடையே சில படங்கள் முன்பின்னானாலும் பார்ப்பவர் கண் உடனே அதனைப் பிடித்துவிடும். பாடலை முன்னதாகவே பதிந்து, படப்பிடிப்பின்போது அதனை ஒலிக்கவிட்டு நடிகரை வாயசைக்கச் செய்வது ஒரு முறை. இதில் நடிகர்க்கே சுமை மிகுதி. எடுத்து முடித்த படத்தைப் பார்த்துக்கொண்டே பாடகர் பாடுவது மற்றொரு முறை. இதிலோ பாடகர் தம் விருப்பம்போல் மூச்சு வாங்கவும் முடியாது. எவ்வாறாயினும், இசைக்குழு மரக்கிளையை விட்டு இறங்கி ஒலிப்பதிவு அறைக்குள் அமைதியாக அமர முடிந்தது. பத்துப் பேர் வாசித்த இடத்தில் முப்பது பேர் வாசிக்கலாயினர். வெவ்வேறு ஒலிவாங்கிகளின் முன் அமர்ந்து, ஒவ்வொன்றின் அளவையும் பொறியாளர் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் ஆன முறை பின்னர் வளர்ந்தது. இன்று நாம் கேட்கும் திரையிசை முழுதும் அந்தப் பிரிவினையின் பயனே. நடிகரே பாடும் பழைய அழகு இதனால் அற்றுப்போயிற்று என்று வருந்துவோரும் உண்டு. அவ்வருத்தத்திலும் உண்மை இல்லாமற் போகவில்லை.

செட்டியார் அத்துடன் நிற்கவில்லை. 1943-ஆம் ஆண்டில் கன்னடத்தில் எடுத்த அரிச்சந்திரா படத்துக்குத் தமிழில் உரையாடல் பொருத்தி, 1944-ஆம் ஆண்டில் தமிழ்ப் படமாகவே வெளியிட்டார். ஒரு மொழியில் பேசிய வாய்க்கு வேறொரு மொழியை அளிக்கும் இவ்வித்தைக்குத் தமிழ்நாட்டில் அதுவே தொடக்கம். 1945-ஆம் ஆண்டில் ஸ்ரீவள்ளி வந்தது. மகாலிங்கம் முருகனாகவும் குமாரி ருக்மிணி வள்ளியாகவும் நடித்தனர். மகாலிங்கத்தின் குரலோ வானை முட்டுவது. அதனோடு எதிர்நின்று பாடும் வள்ளியின் குரல் ஈடுகொடுக்கவில்லை என்று செட்டியார் கருதினார். எடுத்து முடித்த படத்தில் பி. ஏ. பெரியநாயகியைக் கொண்டு வள்ளியின் பாடல்களை மீண்டும் பாடுவித்துச் சேர்த்தார். செலவைக் கண்டு அஞ்சவில்லை. படம் பெருவெற்றி பெற்றது.

அவ்வாண்டிலேயே ஏ. வி. எம். புரொடக்ஷன்ஸ் என்னும் சொந்த நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். உலகப் போரின் விளைவால் எல்லாப் பொருளுக்கும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. நகரில் ஸ்டூடியோ அமைக்க வசதி வாய்க்கவில்லை. ஆதலால் தாம் பிறந்த காரைக்குடிக்கே திரும்பி, தேவகோட்டைச் சாலையில் இருந்த நாடகக் கொட்டகையை வாடகைக்குப் பெற்று, அதனையே ஸ்டூடியோ ஆக்கினார். நாடகக் கொட்டகை ஒலிப்பதிவுக்கு ஏற்ற இடமாகக் கட்டப்படுவதன்று. அங்கே தெருவின் ஓசையும் பறவையின் ஓசையும் தடையின்றி நுழையும். அத்தகைய இடத்திலிருந்துதான் நாம் இருவர் என்னும் படம் உருவாகி, 1947-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது.

அப்படத்தில் பாரதியாரின் பாடல்கள் இடம்பெற்றிருந்தன. கருநாடக இசையரங்குகளில் புகழ்பெற்ற டி. கே. பட்டம்மாள் பின்னணியில் பாட, குமாரி கமலா ஆடினார். பட்டம்மாள் திரைப்படத்துக்குப் பாடும்போதும் தெய்வப் பாடல்களையும் நாட்டுப் பாடல்களையும் அன்றி வேறு பாட இசையாதவர். நாடு விடுதலை பெற இன்னும் ஏழு திங்கள் இருந்தன. அதற்குள் விடுதலை வந்துவிட்டதாகவே கருதிக் களிக்கும் பாரதியாரின் பாடல் திரையரங்கு தோறும் ஒலித்தது. கால் நூற்றாண்டுக்கு முன், 1921-ஆம் ஆண்டில், வறுமையில் மறைந்த கவிஞரின் சொற்கள் எழுத்தறியாத மக்கள் வாயிலும் புகுந்தன. தாமே நல்ல இசையுடன் பாடிய பாரதியாரின் குரல் எந்தத் தட்டிலும் பதியப்படவில்லை என்பது நினைக்குந்தோறும் துயர் தருவது. கனம் கிருஷ்ணையர் காலத்தில் பொறி இல்லை. பாரதியார் காலத்தில் பொறி இருந்தும் அவரைத் தேடி யாரும் வரவில்லை.

இப்பாடல்களைப் பற்றிய ஒரு செய்தியை இங்கே மறைக்காமல் கூறவேண்டும். பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பதிக்கும் உரிமை ஒரு வணிகரிடம் இருந்தது. செட்டியார் அதனை விலைகொடுத்து வாங்கியிருந்தார். பிறர் அப்பாடல்களைத் தம் படத்தில் பயன்படுத்தியபோது தம் உரிமையை வற்புறுத்தி வழக்குத் தொடுக்கவும் முற்பட்டார். நாட்டின் கவிஞர் ஒருவர் பாட்டுக்குத் தனியொருவர் உரிமை கொண்டாடலாமா என்று தமிழ் மக்கள் கேட்டனர்; எழுத்தாளர்கள் கிளர்ச்சி செய்தனர். வணிகர் என்னும் முறையில் செட்டியார் சட்டப்படியே நடந்தார். ஆனால் மக்களின் கேள்வியே பெரிது. 1949-ஆம் ஆண்டில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, சென்னை அரசாங்கம் பாரதியார் பாடல்களை மக்களுக்கு உரியனவாக்க முன்வந்தது. அப்பொழுது செட்டியார் தாம் விலைகொடுத்துப் பெற்ற ஒலிப்பதிவு உரிமையை ஒரு காசும் பெறாமல் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். பள்ளி விழாவில் மாணவர்கள் பாரதியார் பாட்டைப் பாடவும், எவரும் அதனைப் பதிந்து வெளியிடவும் இன்று யாரிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை.

1948-ஆம் ஆண்டில் ஸ்டூடியோ காரைக்குடியை விட்டுச் சென்னை வடபழனிக்கு வந்தது. அங்கே பல தமிழ்ப் படங்களும், தெலுங்கு, கன்னடம், இந்தி மொழிப் படங்களும் உருவாயின. அவற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். 1954-ஆம் ஆண்டில் அந்த நாள் என்னும் படத்தை ஏ. வி. எம். வெளியிட்டது. அதனை இயக்கியவர் எஸ். பாலசந்தர், வீணை வாசிப்பில் நாடறிந்த மேதை. பாட்டை விற்று வாழ்க்கையைத் தொடங்கியவர் தயாரிக்க, வீணை மீட்டிய விரல்களை உடையவர் இயக்கிய அப்படத்தில் ஒரு பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. நாற்பது ஐம்பது பாடல்கள் இருந்தால்தான் படம் என்று மக்கள் கருதியிருந்த காலம் முற்றிலும் மறையாத நாளில் இதற்குத் துணிவு வேண்டும். காசுக்கடையில் வெற்றி பெறாவிடினும் அப்படம் இன்றளவும் அறிஞர்களால் போற்றப்படுகின்றது.

செட்டியார் 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் காலமானார். அதற்குள் மெழுகுத் தட்டு மறைந்து காந்த நாடா வந்துவிட்டது. நாடாவை வெட்டி ஒட்டலாம். பிழைபட்ட வரியை மட்டும் திரும்பப் பாடிச் சேர்க்கலாம். பிற்காலத்தில் அதுவும் மாறி, பாடகர் ஒரு நாளிலும் வயலின்காரர் மற்றொரு நாளிலும் தனித்தனியே வந்து தம் பங்கைப் பதிந்துவிட்டுச் செல்லும் நிலை வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலேயே இசைக்குழு அமைகின்றது. ஆயினும் கோயில் வாசலில் நாகசுரமும் தவிலும் ஒத்தும் தாளமும் கூடி முழங்குவதைப் பதிய விரும்புவோர், இன்றும் முதலில் செய்வது ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் நின்றால் நான்கும் அளவாகக் கேட்கின்றன என்று நடந்து பார்ப்பதுதான்.